பூப்போட்ட துணிக்குள் யார்?

இராசதுரை அந்தப் பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்த விதத்தைப் பார்த்தால், உள்ளே பாம்பு சுருண்டு கிடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அருட்செல்வம் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஓரடி பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“பாருங்கோ, தங்கச்சி. ஆனால் எனக்கு முன்னாலை விரிக்க வேண்டாம். பிறஷர் ஏறும்.”

துப்பறிவாளர் உதயகுமாரி பையைத் திறக்கவில்லை. அவர் அவசரப்படுகிறவர் அல்லர். காப்புறுதி நிறுவனமொன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் தமிழ்க் கடையொன்றின் மாடியில் இந்தத் தனியார் விசாரணை அலுவலகத்தைத் திறந்தவர். கீழே மிளகாய்த்தூள் வறுத்தால் மேலே சாட்சிகள் தும்முவார்கள். அதுவும் ஒரு விசாரணை முறைதான் என்பது அருட்செல்வத்தின் கருத்து.

அருட்செல்வம் கரூர்க்காரன். மென்பொருள் வேலைக்கென்று ஒஸ்லோ வந்து, வந்த நிறுவனம் மூடிப்போய், ‘கணினி தெரிந்த உதவியாளர் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து இந்த மாடி ஏறியவன். ஏறிய நாள்முதல் அவன் கணினியைத் தொட்டதைவிட, ஊரார் வீட்டுப் புருஷன்மாரின் பின்னால் பனியில் நடந்ததே அதிகம்.

“முதல் கதையைச் சொல்லுங்கோ, அண்ணை,” என்றார் உதயகுமாரி.

இராசதுரை கதையைச் சொன்னார். மகள் அஜந்தாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை நிருஜன், ஒஸ்லோவில் பிறந்த பையன், ஹொல்ம்லியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. நல்ல பிள்ளை, பல் தெரியச் சிரிக்கிற பிள்ளை. போன மாதம் கூட வேலை செய்கிறவர்களோடு துருக்கிக்கு, அன்டால்யா கடற்கரைக்குப் போகிறேன் என்றான். தன்னிடம் நல்ல சூட்கேஸ் இல்லை என்று இவருடையதை வாங்கிக்கொண்டு போனான். திருப்பிக் கொடுத்தான். நேற்று அதைத் துடைத்து வைக்கப் போனவர், அடிப்பக்க ஸிப்பைத் திறந்து பார்த்தார்.

“பொம்பிளைத் துணி, தங்கச்சி. பூப்போட்டது.”

“அவரிட்டைக் கேட்டனியளோ?”

“கேட்டனான். ‘மாமா, நீங்கள் நினைக்கிற மாதிரி ஒண்டும் இல்லை, ஆனால் என்னெண்டு சொல்லேலாது’ எண்டான்.”

“அப்போ நீங்க நினைக்கிற மாதிரியேதான் சார்,” என்றான் அருட்செல்வம்.

உதயகுமாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ‘வாயை மூடும்’ என்று பொருள். அவன் மூடினான். நெடுநேரத்துக்கு மூடுகிற வாய் அல்ல அது.

“நாளைக்குக் காலமை பொன்னுருக்கல்,” என்றார் இராசதுரை. தாலிக்குப் பொன் உருக்கும் அந்தச் சடங்கை நினைத்ததும் அவர் குரல் தளர்ந்தது. “ஆசாரியார் வீட்டை வாறார். பொன் உருகினாப் பிறகு கலியாணத்தை நிப்பாட்டேலாது. எனக்கு இண்டைக்கே தெரிய வேணும். இல்லாட்டி இண்டைக்கே மண்டபத்தையும் ஆசாரியாரையும் மறிக்கப் போறன். இவனுக்கு ஒழுங்கா வேட்டி கட்டவும் தெரியாது. வெல்க்ரோ வேட்டி! இஞ்சை பிறந்த பெடியள் எண்டா இப்பிடித்தான். ஊர்ப் பழக்கம் ஒண்டும் ஊறேல்லை.”

அதுவரை சன்னலோரம் கைகட்டி நின்ற அஜந்தா திரும்பினாள். பல்வைத்தியரிடம் வேலை செய்கிறவள். அவள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள்.

“அன்ரி, அப்பாக்குத்தான் துணி பிரச்சினை. எனக்குச் சேட்டு.”

“என்ன சேட்டு?”

“பிறந்தநாளுக்கு நான் குடுத்த நீலச் சேட்டு. போகேக்கை அதைத்தான் போட்டுக்கொண்டு போனவர். வரேக்கை இல்லை. கேட்டால் துலைஞ்சு போச்சாம். குடை துலையும், வீட்டுத் திறப்பு துலையும். உடம்பிலை போட்ட சேட்டு எப்பிடி அன்ரி துலையும்?”

அவள் குரல் கடைசிச் சொல்லில் லேசாக உடைந்தது. இராசதுரை கூரையைப் பார்த்தார்.

உதயகுமாரி பையைத் திறந்தார். வெள்ளைத் துணி; ஊதாவும் பச்சையுமாகச் சின்னச் சின்னப் பூக்கள். சேலையும் இல்லை, வேட்டியும் இல்லை. மேசையில் விரித்தபோது அரைவட்டமாக வழிந்தது. ஒரு மூலையில் மங்கிய நீல மையில் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துகளில் ஒரு முத்திரை. நேர்விளிம்பின் நடுவிலிருந்து ஒரு முழம் உள்ளே, உள்ளங்கை அளவில் மஞ்சள் பூத்த எண்ணெய்க் கறை.

உதயகுமாரி குனிந்து கறையை மோந்தார். பிறகு அருட்செல்வத்திடம் நீட்டினார். அவன் மோந்துவிட்டுத் தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தான்.

“அம்மாடி! மூளை வரைக்கும் திறந்துடுச்சு.”

“கோடாலித் தைலம்,” என்றார் உதயகுமாரி. “அஜந்தா, நிருஜனுக்கு நாரி நோவோ?”

“ஓம் அன்ரி. வேலையிலை வயசானாக்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டிட்டுது. காலமையும் பின்னேரமும் தைலம் பூசுவார். பக்கத்திலை நிண்டால் கண் எரியும்.”

“பாருங்க,” என்றான் அருட்செல்வம், “அந்தப் பொண்ணுக்கும் இடுப்பு வலி. ஜாதகப் பொருத்தம்கூட இவ்வளவு அமையாது.”

இராசதுரையின் கண் கலங்கியது. உதயகுமாரி துணியை மடித்துத் தன் கைப்பையில் வைத்தார்.

“பின்னேரத்துக்கிடையிலை ஆளைக் கண்டுபிடிச்சுத் தாறன், அண்ணை. அதுவரைக்கும் ஆசாரியாருக்கு ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ.”

“ஆளை எண்டால்? அந்தப் பொம்பிளையையோ?”

“இந்தத் துணிக்குள்ளை இருந்த ஆளை,” என்றார் உதயகுமாரி.

*

சுரங்க ரயிலில் குரோன்லாந்துக்குப் போகும் வழியெல்லாம் அருட்செல்வம் தன் கொள்கையை விளக்கிக்கொண்டு வந்தான். அன்டால்யா, கடற்கரை, பூப்போட்ட துணி, தொலைந்த சட்டை. இதற்கெல்லாம் ஒரே விடைதான் இருக்கிறது என்றும், அந்த விடைக்கு நீளக் கூந்தல் இருக்கிறது என்றும் அவன் அடித்துச் சொன்னான்.

“கதை நல்லாயிருக்கு,” என்றார் உதயகுமாரி. “ஆனால் கடற்கரையிலை ஆரும் இவ்வளவு துணி உடுக்கிறேல்லை.”

அவன் அதை யோசித்து முடிப்பதற்குள் நிலையம் வந்துவிட்டது.

குரோன்லாந்தில் பர்வானே என்ற ஈரானியப் பெண்மணியின் துணிக்கடை. திரைச்சீலை, மேசைவிரிப்பு, தொழுகைத் துணி எல்லாம் ஒரே மலையாகக் குவிந்திருக்கும். அந்த மலைக்குப் பின்னால் பர்வானே இருப்பார். அவ்வளவு சின்ன உருவம். உதயகுமாரி துணியை நீட்டியதும், அவர் முத்திரையை விரலால் தொட்டு, விரலை முத்தமிட்டு, கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் வணக்கம் சொன்னார். பேச்சு நோர்வீஜிய மொழியில் நடந்தது.

“இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? இது மஷ்ஹத்தினுடையது!”

மஷ்ஹத் தன்னுடைய நாட்டின் வடகிழக்கே இருக்கிற புனித நகரம் என்றார் பர்வானே. ஷியா முஸ்லிம்களின் எட்டாவது இமாம் ரெசா அங்கேதான் அடங்கியிருக்கிறார். தங்கக் கூரை. முற்றத்துக்குப் பின் முற்றம். உலகத்துச் சனமெல்லாம் அழுதபடி உள்ளே போய், சிரித்தபடி வெளியே வரும். சும்மா பார்க்க வருகிற அயல்நாட்டவரையும் முற்றங்களுக்குள் விடுவார்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆள் தருவார்கள், தேநீரும் தருவார்கள்.

“இந்தத் துணி?”

“சாதோர். போர்த்திக்கொள்ள ஒன்றும் கொண்டுவராத பெண்களுக்கு வாசலில் இரவல் கொடுப்பது. இந்த முத்திரை அதற்குத்தான்.”

“பெண்களுக்கு மட்டுமா?”

“ஆண்களுக்கு எதற்கு? அவர்கள் சட்டையும் காற்சட்டையுமாக அப்படியே போகலாம்.”

அருட்செல்வம் தமிழில் முணுமுணுத்தான். “கேஸ் முடிஞ்சுதுக்கா. அன்டால்யா பொய், பொண்ணு நிஜம். கோயிலுக்கு ஜோடியாப் போயிருக்கான். ஆசாரியாருக்கு நானே போன் போட்டுச் சொல்லவா?”

உதயகுமாரி அவனைக் கவனிக்கவில்லை. “பர்வானே, இதை வீட்டுக்குக் கொண்டுபோவார்களா?”

“சேச்சே! யாரும் கொண்டுபோக மாட்டார்கள். வெளியே வந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். திருப்பிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? அடியில் அவரவர் உடுப்பு இருக்குமே!”

“கடைசியாகச் சொன்னதை இன்னொருமுறை சொல்லுங்கள்.”

“அடியில் அவரவர் உடுப்பு இருக்குமே.”

உதயகுமாரியின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. இட்லி சரியாக வெந்துவிட்டதை மூடி திறந்து பார்க்கிறவரின் மலர்ச்சி அது. அவர் பர்வானேயிடம் துணியைப் போர்த்திக் காட்டச் சொன்னார். பர்வானே நேர்விளிம்பைத் தலைமேல் வைத்துப் போர்த்தினார். எண்ணெய்க் கறை அவருடைய பிடரிக்குக் கீழே வந்து நின்றது.

“நாரி நோவுக்குக் கழுத்திலையோ தைலம் பூசுறது?” என்று உதயகுமாரி தமிழில் தனக்குள் கேட்டுக்கொண்டார். “செல்வம், இஞ்சை வாரும்.”

“எதுக்குக்கா?”

“நீர் நிருஜன் அளவு உயரம்.”

அவன் தப்புவதற்குள் துணி அவன் தலையில் அல்ல, தோளில் விழுந்தது. நேர்விளிம்பு கழுத்தைச் சுற்றி வந்தது. முன்னால் வந்த இரண்டு முனைகளையும் குறுக்காகக் கொண்டுபோய் உதயகுமாரி பிடரியில் முடிச்சுப் போட்டார். முடிச்சு ஏற்கெனவே பழகிய சுருக்கங்களில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. கறை இடுப்பின் நடுவில், வலி வருகிற அதே இடத்தில் நின்றது. கடைக்கு வந்த இரண்டு பெண்கள் அவனைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து நின்றார்கள். அருட்செல்வம் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். முடிவெட்ட உட்கார்ந்த மணப்பெண் மாதிரி இருந்தது.

“சட்டைக்கு மேலை பட்டால் தைலம் இவ்வளவு ஊறாது,” என்றார் உதயகுமாரி. “தோலிலை நேரை பட்டிருக்கு.”

“அப்படின்னா?”

“அப்பிடியெண்டால் ஹொல்ம்லியாவுக்கு ரயில் எடுப்பம்.” அவர் கைப்பேசியை எடுத்து இராசதுரையை அழைத்தார். “அண்ணை, அஜந்தாவையும் கூட்டிக்கொண்டு நிருஜன்ரை வேலைக்கு வாங்கோ. வரேக்கை காருக்குள்ளை இருக்கிற முருகன் படத்தையும் கழட்டிக்கொண்டு வாங்கோ. சத்தியம் வாங்கப் போறன்.”

*

ஹொல்ம்லியா ரயிலில், வலப்பக்கம் கடல் வெளுத்துக் கிடந்தது. அருட்செல்வம் இன்னும் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். தைல வாசனை போகவில்லை.

“செல்வம், உங்கடை ஊரிலை கோயில் வாசலுக்கு வந்தால் முதல் என்ன செய்வீர்?”

“செருப்பைக் கழட்டுவேன். ஒண்ணை இந்தப் பக்கம், இன்னொண்ணை அந்தப் பக்கம் போடுவேன். ஜோடியா இருந்தாத்தானே தூக்குவாங்க.”

“பிறகு?”

“பிறகென்ன, நேரா சாமி. அப்புறம் பொங்கல்.”

உதயகுமாரி பெருமூச்சு விட்டார். “அதுதான் உமக்கு இந்தக் கேஸ் பிடிபடேல்லை.”

அவன் எவ்வளவோ கேட்டும் அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. கைப்பையிலிருந்து பருத்தித்துறை வடையை எடுத்து ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டு, தானும் ஒன்றைக் கடித்தார். அந்த மொறுமொறு சத்தத்தில் மேற்கொண்டு கேள்வி கேட்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் ஒரு மௌன அறை இருந்தது. எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத அறை. ஒரு நாற்காலி, ஒரு மேசை, மின்கலத்தில் எரியும் ஒரு மெழுகுவர்த்தி. யாருக்காவது கும்பிடவோ அழவோ தோன்றினால் அங்கே போகலாம். இராசதுரை கொண்டுவந்த படத்தை உதயகுமாரி அந்த மேசையில் வைத்தார். காரில் நெடுங்காலம் இருந்த படம். வாடிய செவ்வந்தி ஒன்று சட்டத்தில் ஒட்டிக்கிடந்தது. மின்கல மெழுகுவர்த்தியைப் படத்துக்கு முன்னால் நகர்த்தினார். வேலும் மயிலும் மின்னின. திடீரென்று அது ஒரு கோயில் போலவே ஆகிவிட்டது.

எல்லாரும் அறைக்கு வெளியே வந்து நின்றபோது நிருஜன் நடைவழியில் வந்தான். நெடிய பையன். வெள்ளைச் சீருடை மேல்சட்டை, மார்பில் பெயர்ச்சீட்டு, காலில் மரஅடி வைத்த செருப்பு. கூட்டத்தைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது. உதயகுமாரியின் கையில் பூப்போட்ட துணியைக் கண்டதும் அது இன்னும் வெளிறியது.

“ஹெர்ரெகுட்,” என்று நோர்வீஜிய மொழியில் கடவுளைக் கூப்பிட்டான்.

“மஷ்ஹத்துக்குப் போனனீர்,” என்றார் உதயகுமாரி.

“மஷ்ஹத்தோ? அது எங்கை இருக்கு?” என்றார் இராசதுரை.

“ஈரானிலை, அப்பா,” என்ற அஜந்தா நிருஜனிடம் திரும்பினாள். “ஆரோடை?”

“ஒருத்தரோடையும் இல்லை. தனியத்தான் போனனான். சத்தியமா.”

“தனியப் போன ஆம்பிளையின்ரை பெட்டிக்குள்ளை பொம்பிளைத் துணி ஏன்?” இராசதுரையின் குரல் நடையின் கடைசிவரை கேட்டது. நடைவண்டி பிடித்துக்கொண்டு வந்த ஒரு நோர்வீஜியப் பாட்டி நின்று, வண்டியின் தடுப்பைப் போட்டு, அதன்மேல் வசதியாக உட்கார்ந்தார்.

“அதை மட்டும் கேக்காதேங்கோ, மாமா. கலியாணத்தை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. சொல்ல மாட்டன்.”

அஜந்தா மோதிர விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டாள். நிருஜன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

“சரி, சொல்ல வேண்டாம்,” என்றார் உதயகுமாரி மிக மெதுவாக. “வேறை பொம்பிளை இல்லையெண்டு சத்தியம் பண்ணினால் போதும். இஞ்சை இல்லை. உள்ளுக்கை, முருகனுக்கு முன்னாலை.”

“பண்ணுறன், அன்ரி. இப்பவே பண்ணுறன்.”

நிருஜன் விறுவிறு என்று நடந்தான். அறை வாசலில் நின்றான். மேசையில் வேல் மின்னியது. செருப்பைக் கழற்றினான். அடுத்து—

டப். டப். டப். டப்.

சீருடையின் அமுக்குப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேல்சட்டை தோளை விட்டு இறங்கியது. கோடாலித் தைல வாசனை நடை முழுவதும் பரவியது. வெற்று மேலுடன் வலது காலை உள்ளே எடுத்து வைக்கப் போனவனை உதயகுமாரியின் குரல் பிடித்தது.

“நில்லும், நிருஜன்! அப்பிடியே நில்லும்.”

அவன் நின்றான். குனிந்து தன் மார்பைப் பார்த்தான். கையில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“மஷ்ஹத்திலையும் இதைத்தானே செய்தனீர்?”

மூடிய கைகளுக்குள்ளிருந்து, “ஓம் அன்ரி,” என்று வந்தது.

நோர்வீஜியப் பாட்டி தம் மொழியில் திருப்தியோடு சொன்னார்: “ஒருவழியாக இந்த மாடியிலும் ஏதோ நடக்கிறது.”

*

“யாழ்ப்பாணத்து ஆம்பிளை கோயில் வாசலுக்கு வந்தால் மேலிலை துணி இருக்காது,” என்று உதயகுமாரி அருட்செல்வத்துக்கு விளக்கினார். “சின்ன வயசிலையிருந்து தேப்பன்மார் சொல்லிச் சொல்லி ஏத்தினது. மூளைக்குப் போகாமல் நேரை கைக்குப் போன பழக்கம். சேட்டு துலைஞ்சது, சாதோர் வந்தது. இரண்டும் வேறை வேறை கதை இல்லை, ஒரு மாத்து. எல்லாரும் வாசலிலை திருப்பிக் குடுக்கிற துணியை இவரால் ஏன் திருப்பிக் குடுக்கேலாமல் போச்சு? அடியிலை ஒண்டும் இல்லை!”

“அடக் கடவுளே,” என்றான் அருட்செல்வம்.

நிருஜன் சுவரோடு சாய்ந்து நின்று சொன்னான். இந்த இல்லத்தில் தாவூதி என்று ஓர் ஈரானியக் கிழவர் இருக்கிறார். மஷ்ஹத்தில் பிறந்தவர். இனி அங்கே போக அவர் உடம்பு விடாது. உடுப்பு மாற்றும்போதும் மருந்து கொடுக்கும்போதும் அந்தத் தங்கக் கூரையையே சொல்லிச் சொல்லி, கடைசியில் நிருஜனுக்கே அதைப் பார்க்காமல் இருக்க முடியாமல் போய்விட்டது. சுற்றுலா விசா எடுத்தான். இஸ்தான்புல் வழியாகப் போனான். வாசலில் சோதனை முடிந்தது. உள்ளே நடந்தான்.

“தங்கக் கோபுரம் மாதிரி ஒண்டு, மாமா. வெயில் பட்டு எரியுது. சனம் கும்பிட்டுக்கொண்டு போகுது. செருப்பு வாங்கி வைக்கிற இடத்திலை எல்லாரும் செருப்பைக் கழட்டுகினம். நானும் கழட்டினனான். அதுக்குப் பிறகு கை என்னைக் கேக்கேல்லை. செருப்போடை சேட்டையும் நீட்டினன். அந்த மனுசன் வாயைப் பிளந்துகொண்டு பாக்குது. பின்னாலை நிண்ட சனம் முழுக்க நிண்டிட்டுது. ஒராள் ஓடிப்போய் பொம்பிளையளின்ரை பக்கத்திலையிருந்து இதை எடுத்துக்கொண்டு வந்து என்னைச் சுத்தினார்.”

“ஏசிச்சினமோ?” என்று கேட்டாள் அஜந்தா.

“இல்லை. அதுதான் பெரிய வெக்கம். அவ்வளவு அன்பு! வெளிநாட்டு விருந்தாளி எண்டு ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, தேத்தண்ணி தந்து, குங்குமப்பூக் கற்கண்டு தந்திச்சினம். எந்த ஊரிலை இப்பிடிக் கும்பிடுறது எண்டு கேட்டுச்சினம். நோர்வே எண்டு சொன்னனான்.”

அருட்செல்வம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

“என்ர சேட்டு?” என்றாள் அஜந்தா.

“நேர்த்திக்குத் தந்த உடுப்பு எண்டு நினைச்சு, ஆரோ இல்லாத ஆளுக்குக் குடுத்திட்டினமாம். திருப்பிக் கேக்க மனம் வரேல்லை, அஜந்தா. துணியைத் திரும்பக் கொண்டுபோய்க் குடுக்கவும் நேரம் இல்லை, அண்டைக்கே பிளேன். மன்னிச்சுக்கொள்ளும்.”

“இதை என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே?”

“சொன்னால் உம்மடை தங்கச்சிக்குத் தெரியும். தங்கச்சிக்குத் தெரிஞ்சால் மண்டபத்துக்கே தெரியும். மணவறையிலை நான் இருக்கேக்கை முன்வரிசை முழுக்கச் சிரிக்கும்.”

“மாமாக்கு ஏன் அன்டால்யா எண்டு சொன்னனீர்?” என்றார் இராசதுரை.

“மஷ்ஹத் எண்டால் விட்டிருப்பியளோ?”

“விட்டிருக்க மாட்டன்,” என்றார் இராசதுரை ஒரு கணமும் தயங்காமல்.

அப்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் தாவூதி வெளியே வந்தார். மடியில் சட்டமிட்ட ஒரு படம். சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்திருந்தது. “நான் யாருக்கும் சொல்லவில்லை, நிருஜன்,” என்றார் நோர்வீஜிய மொழியில். “சத்தியம் செய்தபடி வாயே திறக்கவில்லை. வருகிறவர்களுக்குக் காட்டினேன், அவ்வளவுதான்.”

படத்தில், கருநீலக் கோட்டு அணிந்த இரண்டு பணியாளர்கள் கையில் நிறநிறமான இறகுத் துடைப்பங்களோடு நின்றார்கள். கூட்டத்துக்கு வழிகாட்ட அங்கே அதைத்தான் பிடிப்பார்களாம். இருவர் முகத்திலும் நல்ல சிரிப்பு. நடுவில், ஊதாப் பூவும் பச்சைப் பூவும் போர்த்தி, பிடரியில் முடிச்சோடு நிருஜன், கற்கண்டுக் குச்சியைத் தீப்பந்தம் போலப் பிடித்தபடி நின்றான்.

அஜந்தா படத்தைப் பார்த்தாள். மோதிர விரலை விட்டாள். வாயைப் பொத்தினாள். பிறகு பொத்திய கையும் சிரிப்புக்குப் போதாமல் நோர்வீஜியப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இராசதுரை மட்டும் சிரிக்கவில்லை. படத்தைக் கையில் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தார்; கிட்டப் பிடித்துப் பார்த்தார். கேஸ் தீர்ந்தது, கலியாணமும் தீர்ந்தது என்று அருட்செல்வம் நினைத்தான்.

“தம்பி,” என்றார் இராசதுரை. “கழட்டச் சொல்லி ஆரும் சொன்னவையோ?”

“இல்லை மாமா.”

“ஒருத்தரும் சொல்லேல்லை?”

“இல்லை மாமா.”

“தானாக் கழட்டினனீர்.”

“ஓம் மாமா.”

இராசதுரையின் கண் கலங்கியது. ஆனால் இந்தத் தடவை அது வேறு கலக்கம். “ஒஸ்லோவிலை பிறந்த பிள்ளை, தங்கச்சி! ஈரானிலை போய், சாமி எண்டு கண்ட உடனை, ஆரும் சொல்லாமல், தன்ரை பாட்டிலை மேல்சேட்டைக் கழட்டியிருக்கிறான்! நான் இவனுக்கு ஊர்ப் பழக்கம் ஊறேல்லை எண்டு சொன்னனே! வெல்க்ரோ வேட்டி கட்டினால் என்ன? எலும்பிலை ஊறிக் கிடக்கு!”

அவர் கைப்பேசியை எடுத்தார். நிருஜனுக்கு விபரீதம் புரிய ஒரு நொடி பிந்திவிட்டது.

“மாமா, ஆருக்கு எடுக்கிறியள்?”

“பிலேந்திரன் அண்ணைக்கு. பிறகு கோயில் சபையாருக்கு. பிறகு ஸ்டோவ்னரிலை இருக்கிற தமிழாக்கள் எல்லாருக்கும். ஹலோ, அண்ணை? நாளைக்குப் பொன்னுருக்கலுக்குக் கட்டாயம் வாங்கோ. என்ர மருமகன்ரை பக்தியைப் பற்றி ஒரு கதை சொல்லுறன், கேளுங்கோ. படமும் இருக்கு!”

உதயகுமாரி துணியைத் தாவூதியின் மடியில் வைத்தார். கிழவர் முத்திரையைத் தேடி, கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதை ஒழுங்காக மடித்து அஜந்தாவிடம் நீட்டினார். இது இரவல் பொருள், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்.

“குடுப்பம்,” என்றாள் அஜந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கலியாணம் முடியச் சோடியாப் போய்க் குடுப்பம். அப்பாக்கு அன்டால்யா எண்டு சொல்லுவம்.”

நடையின் கோடியில் இராசதுரை மூன்றாவது அழைப்பில் இருந்தார். கதையில் இப்போது ஆயிரம் பேர் நின்று பார்த்தார்கள். செருப்பு வைக்கிறவர் கண்ணீர் விட்டார்.

நிருஜன் உதயகுமாரியைப் பரிதாபமாகப் பார்த்தான். “அன்ரி, வேறை பொம்பிளை இருக்கு எண்டே விட்டிருக்கலாம்.”

“சத்தியம் இன்னும் பாக்கி,” என்றார் உதயகுமாரி. “உள்ளுக்கை போம்.”

நிருஜன் கையிலிருந்த சட்டையைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றான். அருட்செல்வம் முன்னால் வந்து, இரண்டு கைகளையும் பவ்வியமாக நீட்டினான்.

“சட்டையை என்கிட்ட குடுங்க பிரதர். திருப்பித் தருவேன்.”